தொட்டிக்குள் ஐந்து பொருத்தம்

குளிர்காலத்தில் வட ஐரோப்பாவின் சிறு குளங்கள் மேலே பனிக்கட்டியாக உறைந்து மூடிக்கொள்ளும். அதன்பின் காற்றிலிருந்து ஆக்சிஜன் தண்ணீருக்குள் இறங்க வழியில்லை. ஏற்கெனவே கரைந்திருந்ததும் நாளடைவில் தீர்ந்துவிடும். மற்ற மீன்கள் மடிந்துபோகும் அந்தத் தண்ணீரில் குரூசியன் கெண்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆக்சிஜன் இல்லாமல் உடல் சர்க்கரையைச் செலவழித்தால் லாக்டிக் அமிலம் சேரும். அளவுக்கு மீறிச் சேர்ந்தால் சாவுதான். குரூசியன் கெண்டை அதைச் சேரவிடுவதில்லை. எத்தனாலாக, அதாவது சாராயமாக, மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றிவிடுகிறது. அப்போது அதன் இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் என்று 2017இல் ஆஸ்லோ, லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். இந்தியாவில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் விட்டிருக்கும் வரம்பு 30 மில்லிகிராம்.

தங்கமீன் இந்தக் குரூசியன் கெண்டையின் நெருங்கிய உறவு. அதே வித்தை அதற்கும் உண்டு என்பது 1980இலேயே சோதனைச்சாலையில் உறுதியாகிவிட்டது.

இவ்வளவு தாங்கும் உயிர் என்பதுதான் தங்கமீனுக்கு வந்த வினை. கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டாலும் சில மாதம் நீந்துகிறது. பொருந்தாத மீனோடு அடைத்தாலும் உடனே சாவதில்லை. கெடுதல் நடப்பது நமக்குத் தெரிய நாளாகிறது. தெரியும்போது காரணம் கண்ணுக்குத் தட்டுப்படுவதில்லை. நன்றாகப் பராமரித்தால் பத்துப் பதினைந்து ஆண்டு வாழும் மீன் இது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் டிஷ் என்று பெயரிடப்பட்ட ஒரு தங்கமீன் 43 ஆண்டு வாழ்ந்து 1999இல் இறந்தது. நம் வீடுகளில் இரண்டு ஆண்டைத் தாண்டினாலே அது பேசப்படும் செய்தியாகிவிடுகிறது.

தங்கமீனோடு வேறு எந்த மீனை விடலாம் என்று கடையில் கேட்டால், இது சாது, அது முரடு என்று பதில் வரும். குணம் கடைசியில் பார்க்க வேண்டியது. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற நமக்குத் தொட்டிக்கு ஐந்து போதும்: வெப்பம், நீர், வாய், வேகம், நோய். ஐந்துக்கும் அடிப்படை விதி ஒன்றே. இரண்டு மீனும் எதைத் தாங்கும் என்று பார்க்கக் கூடாது. எதில் இரண்டும் நலமாக இருக்கும் என்று பார்க்க வேண்டும்.

வெப்பம்

தாங்குவதற்கும் நலமாக இருப்பதற்கும் உள்ள இடைவெளியை அளந்து காட்டிய ஆரம்பகால ஆய்வுகளுக்குத் தங்கமீனே சோதனை உயிரானது. 1940களில் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் எஃப். இ. ஜே. ஃப்ரை என்ற உயிரியலாளர், தங்கமீன்களைப் பல வெப்பநிலைகளுக்குப் பழக்கி, எந்தச் சூட்டில் சாகின்றன, எந்தக் குளிரில் சாகின்றன என்று வரைபடம் போட்டார். மெல்ல மெல்லப் பழக்கினால், உறைநிலையை ஒட்டிய நீரிலிருந்து 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய நீர்வரை அது உயிர் தரித்தது. மீன் உலகில் இது மிக அகலமான எல்லை. ஆனால் அந்த எல்லைக்குள் எல்லா இடத்திலும் அதனால் ஒரே மாதிரி நீந்த முடியவில்லை. முழுச் சுறுசுறுப்போடு இயங்கும் பகுதி, உயிரோடு இருக்கும் பகுதியைவிடக் குறுகியதாக இருந்தது. வெப்பநிலையைத் தானே தேர்ந்தெடுக்கும்படி விட்டால், 25 டிகிரியை ஒட்டியும் அதற்குச் சற்று மேலும் உள்ள நீரையே தங்கமீன் நாடியது.

கடைசிச் செய்தி பலருக்கு வியப்பாக இருக்கும். தங்கமீனைக் ‘குளிர்நீர் மீன்’ என்றல்லவா எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன? அந்தப் பெயர் ஐரோப்பிய வீடுகளில் பிறந்தது. அங்கே ஹீட்டர் இல்லாமல் வளர்க்க முடிந்த மீன் குளிர்நீர் மீன். ஹீட்டர் கேட்பது வெப்பமண்டல மீன். தங்கமீனுக்குக் குளிர் வேண்டும் என்பதல்ல, குளிரைக் கண்டு அது பயப்படுவதில்லை என்பதுதான் பொருள். 18 முதல் 24 டிகிரி வரை அது வசதியாக இருக்கும். காற்றோட்டமும் இடமும் இருந்தால் அதற்குச் சற்று மேலும் இருக்கும்.

ஆகவே இந்தப் பொருத்தம் ஊருக்கு ஊர் மாறும். உதகமண்டலத்திலோ கொடைக்கானலிலோ ஹீட்டர் இல்லாத தொட்டியில் தங்கமீனோடு ஃபைட்டர், ஏஞ்சல் என்ற வெப்பமண்டல மீன்களையும் விட்டால், தங்கமீன் நீந்திக்கொண்டிருக்கும். மற்ற இரண்டும் மூலையில் ஒடுங்கிவிடும். நீர் 24 டிகிரிக்குக் கீழே போனால் சோர்ந்து நோய்க்கு இடம் கொடுக்கும் மீன்கள் அவை. சென்னையிலோ மதுரையிலோ அந்தச் சிக்கல் இல்லை. தொட்டி நீர் ஆண்டில் பெரும்பகுதி 26 முதல் 31 டிகிரிக்குள் நிற்பதால், வெப்பமண்டல மீனுக்கு ஹீட்டரே தேவைப்படுவதில்லை. ‘நம்ம ஊர் வெயிலுக்கு எல்லாம் சேர்ந்து இருக்கும்’ என்று விற்பவர் சொல்வதற்குக் காரணம் இதுதான். முதல் பொருத்தத்தை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரி. சிக்கல் அடுத்த பொருத்தத்தில் தொடங்குகிறது.

நீர்

தண்ணீர் சூடாக ஆக, அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. கடல்மட்டத்தில் 10 டிகிரி நன்னீர் ஒரு லிட்டரில் அதிகபட்சம் 11.3 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். 20 டிகிரியில் அது 9.1; 30 டிகிரியில் 7.6. வரவு இப்படிக் குறையும்போது செலவு கூடுகிறது. மீன் நம்மைப் போல உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் உயிரல்ல. தண்ணீர் 10 டிகிரி ஏறினால் அதன் உடலியக்கம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். 20 டிகிரியில் நிம்மதியாக நான்கு மீன் இருந்த தொட்டியில், 30 டிகிரியில் அதே நான்கு மீன் எட்டு மீனின் மூச்சை விடுகின்றன.

அடுத்தது கழிவு. கெண்டைக் குடும்பத்து மீன்களுக்கு இரைப்பை கிடையாது. தங்கமீன் தின்பது நேராக நீண்ட குடலுக்குள் போகிறது. சேமித்து வைக்க இடமில்லாததால் நாள் முழுக்கக் கொறித்துக்கொண்டே இருக்கும். அதே கணக்கில் கழித்துக்கொண்டும் இருக்கும். புரதம் செரித்து வரும் அம்மோனியாவில் பெரும்பகுதி செவுள் வழியே கண்ணுக்குத் தெரியாமல் நீரில் கலக்கிறது.

தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கும். மின்னூட்டம் பெற்ற அம்மோனியம் அவ்வளவாகத் தீங்கு செய்யாது. மின்னூட்டமற்ற அம்மோனியா செவுளுக்குள் புகுந்து நஞ்சாகும். எது எவ்வளவு என்பதைப் பி.எச். அளவும் வெப்பநிலையும் தீர்மானிக்கின்றன. பி.எச். 7, வெப்பம் 20 டிகிரி என்றால் மொத்தத்தில் 0.4 சதவீதம்தான் நஞ்சு வடிவம். பி.எச். 8 ஆனால் 3.8 சதவீதம். அதே பி.எச். 8இல் வெப்பம் 30 டிகிரிக்கு ஏறினால் 7.5 சதவீதம். நம் ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் காரத்தன்மையும் கடினமும் கொண்டது. ஆக, வெயில் காலத்துச் சென்னைத் தொட்டியில் ஆக்சிஜன் குறைவு, மீனின் தேவை அதிகம், கழிவின் நஞ்சும் அதிகம். வெப்பம் ஒத்துப்போவதால் இன்னும் நாலு மீனை விடலாம் என்று தோன்றுகிற அதே தொட்டிதான், இருப்பதைவிட ஒரு மீனைக்கூட ஏற்க முடியாத தொட்டி.

ஃபில்டரின் பஞ்சிலும் கற்களிலும் குடியேறும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் அவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மீனை வாங்கிய அன்றே துணையையும் வாங்கி விடுவது, அந்த நுண்ணுயிர்கள் வருவதற்கு முன்பே விருந்தாளிகளை அழைப்பதாகும். முதல் மீன் விட்டு, தண்ணீரைச் சோதித்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நின்ற பிறகே அடுத்த மீன்.

எவ்வளவு தண்ணீர்? வளர்ப்பவர்கள் பின்பற்றும் ஒரு கணக்கு உண்டு. உருண்டை உடல் தங்கமீன் ஒன்றுக்கு 75 லிட்டர், கூடுதலாக வரும் ஒவ்வொன்றுக்கும் 40 லிட்டர். நம் வீடுகளில் பரவலாகக் காணப்படும் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 57 லிட்டர். கல்லும் மணலும் போட்டு, விளிம்பில் இரண்டு விரல் விட்டு நிரப்பினால் 45 லிட்டர் தேறும். அந்தக் கணக்குப்படி ஒரு தங்கமீனுக்கே அது போதாது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியில்தான் மூன்று தங்கமீன்களை நிம்மதியாக வைக்கலாம். துணை பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

நீரின் தன்மையும் ஒத்துப்போக வேண்டும். தங்கமீன் சற்றே காரமான, ஓரளவு கடினமான நீரில் செழிக்கும். நியான் டெட்ராவும் டிஸ்கஸும் அமேசான் படுகையின் மென்மையான, அமிலத்தன்மை கொண்ட நீரில் தோன்றியவை. பண்ணையில் பிறந்தவை கொஞ்சம் வளைந்துகொடுக்கும். தாங்கும் என்பதற்கும் நலம் என்பதற்கும் உள்ள வேறுபாடு அங்கேயும் உண்டு.

வாய்

தங்கமீனின் தாடையில் பல் கிடையாது. பற்கள் தொண்டைக்குள் இருக்கின்றன. அது எதையும் கடித்துப் பார்த்து முடிவெடுப்பதில்லை. உறிஞ்சி உள்ளே இழுத்துவிட்டுப் பிறகுதான் யோசிக்கிறது. வாயின் மேற்புறத்தில் சதைப்பற்றான ஓர் உறுப்பு, நிறையச் சுவை மொட்டுகளோடு இருக்கிறது. ஒரு வாய் மணலை எடுத்து, அதிலுள்ள உணவுத் துணுக்கை அந்த உறுப்பால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மணலை மட்டும் துப்பிவிடும். இந்த வேலைக்காகவே அதன் மூளையின் பின்பகுதியில் ஒரு மடல் பெரிதாகப் புடைத்திருக்கிறது. தங்கமீன் தொட்டியின் அடியில் நாள் முழுக்கக் கல்லைப் பொறுக்கித் துப்புவது விளையாட்டல்ல, உணவு தேடும் முறை.

இதிலிருந்து மூன்றாம் பொருத்தம் வருகிறது: வாய்க்குள் போகும் எதுவும் துணையாகாது. வாங்கும்போது தங்கமீன் மூன்று அங்குலம் இருக்கலாம். உருண்டை வகைகள் 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை, நீள் உடல் வகைகள் 30 சென்டிமீட்டர் வரை வளரும். இன்றைய அளவை வைத்துத் துணை தேடினால், ஒரு வருடம் கழித்து ஒரு காலை நேரத்தில் நியான் டெட்ராக்களின் எண்ணிக்கை குறைந்திருக்கும். செர்ரி இறாலும் அப்படியே. சிறு நத்தைகளைத் தங்கமீன் உறிஞ்சித் தின்றுவிடும். பெரிய ஆப்பிள் நத்தையின் கொம்பைக் கொத்திக் கொத்தி அதை ஓட்டுக்குள்ளேயே அடைத்துவிடும்.

தின்ன முடியாததை விழுங்குவது அதைவிட ஆபத்து. கோரிடோரஸ் என்ற சிறு கெளுத்திகளைப் பலரும் சிபாரிசு செய்வார்கள். அவற்றில் புள்ளிக் கோரிடோரஸ் குளிர்ந்த நீரையும் ஏற்கும். பீகிள் கப்பல் பயணத்தில் சார்லஸ் டார்வின் தென் அமெரிக்காவில் சேகரித்த மீன்களில் இதுவும் ஒன்று. அவர் கொண்டுவந்த மாதிரியை வைத்துத்தான் 1842இல் இதை விவரித்தார்கள். இதன் பக்கத் துடுப்பில் கெட்டியான முள் உண்டு. பயந்தால் அது விரிந்து பூட்டிக்கொள்ளும். பெரிய தங்கமீன் இதை விழுங்கினால் முள் தொண்டையில் குத்தி நிற்கும். இரண்டும் சேர்ந்தே சாகும்.

துணையின் வாயையும் பார்க்க வேண்டும். நம் கடைகளில் டேங்க் கிளீனர், சக்கர் என்று விற்கப்படும் தென் அமெரிக்கக் கவச மீன், தொட்டியைச் சுத்தம் செய்யும் என்ற நம்பிக்கையில் தங்கமீனோடு விடப்படுகிறது. கண்ணாடியில் ஒட்டிப் பாசியைச் சுரண்டவே அமைந்த வாய் அதற்கு. பாசி தீர்ந்த இரவில், மெதுவாக நகரும் அகன்ற தங்கமீனின் உடலில் ஒட்டி, மேலே பூசியிருக்கும் கோழையைச் சுரண்டும். அந்தக் கோழைதான் மீனுக்குக் கிருமியைத் தடுக்கும் முதல் அரண். அது போன இடத்தில் சிவந்த புண் வரும். போதாக்குறைக்கு, விரல் நீளத்தில் வாங்கும் சக்கர் 40 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும்; சுத்தம் செய்வதைவிட அதிகம் கழிக்கும். வளர்ந்தபின் வைக்க முடியாமல் ஏரியில் கொட்டப்பட்ட சக்கர்கள் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஆந்திரத்திலும் நீர்நிலைகளில் பெருகி, வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கின்றன.

வேகம்

தங்கமீன் ஒரே இனம். ஆனால் ஒரே உடல் இல்லை. சீனாவில் சோங் அரச காலத்தில் குளங்களில் வளர்க்கப்பட்ட சிவப்பு, பொன்நிற மீன்கள், மிங் காலத்தில் வீட்டுக்குள் தொட்டிகளுக்கும் பீங்கான் கலங்களுக்கும் வந்தன. குளத்தில் இருந்தவரை, நீந்த முடியாத மீன் கொக்குக்கும் பெரிய மீனுக்கும் இரையாகி மறைந்துவிடும். கலத்தில் அந்தத் தேர்வு இல்லை. மனிதர் கண்ணுக்கு எது அழகோ அது பிழைத்தது. இரட்டை வால், உருண்டை வயிறு, முதுகுத் துடுப்பு இல்லாத முதுகு, பிதுங்கிய கண், தலையில் சதைக் கிரீடம் என்று விதவிதமாக வந்தன.

இரட்டை வாலின் மரபணுக் காரணம் 2014இல் தெரியவந்தது. முதுகு எது, வயிறு எது என்று கரு முடிவெடுக்கும்போது வேலை செய்யும் கார்டின் என்ற மரபணுவில் ஒரு பிழை. மற்ற முதுகெலும்பிகளில் இந்த மரபணு கெட்டால் கரு பிழைப்பது அரிது. தங்கமீனின் மூதாதையில் ஏறத்தாழ 1.4 கோடி ஆண்டுகளுக்கு முன் மொத்த மரபணுத் தொகுதியும் இரட்டித்ததால், அதற்குக் கார்டின் இரண்டு பிரதி. ஒன்று கெட்டு வாலை இரண்டாக்கியது. மற்றது உயிரைக் காத்தது.

அழகுக்குக் கொடுத்த விலை வேகம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் நான்கு வகைத் தங்கமீன்களின் நீச்சலை ஒப்பிட்டார்கள். நீள் உடலும் ஒற்றை வாலும் கொண்ட சாதாரண வகையும் கோமெட்டும் முன்னே நின்றன. விசிறி வாலும் முதுகுத் துடுப்பற்ற முட்டை வடிவமும் பின்தங்கின.

இதன் விளைவு உணவு நேரத்தில் தெரியும். கோமெட், ஷுபுன்கின் போன்ற ஒற்றை வால் மீன்களையும் ஒராண்டா, ரியூக்கின், ரான்சு போன்ற உருண்டை மீன்களையும் சேர்த்து வைத்தால், உருண்டை மீன் உணவைக் கண்டு திரும்புவதற்குள் தட்டு காலி. பிளாக் மூருக்குப் பார்வை மங்கல். கண்ணுக்குக் கீழே நீர்ப்பை தொங்கும் பபிள் ஐக்கும், கண்கள் வானத்தைப் பார்த்தபடி நிற்கும் செலஸ்டியலுக்கும் எதிரே உள்ள உணவே சரியாகத் தெரியாது. ஆகவே தங்கமீனுக்குத் தங்கமீனே துணை என்றாலும், எல்லாத் தங்கமீனும் துணையல்ல. ஒற்றை வாலுக்கு ஒற்றை வால், உருண்டைக்கு உருண்டை, பார்வை குறைந்ததற்குப் பார்வை குறைந்தது.

வேகமான பிற இனங்கள் உணவைப் பறிப்பதோடு நிற்பதில்லை. டைகர் பார்ப் கூட்டத்துக்கு நீளமாகத் தொங்கும் வால் கொத்திப் பார்க்க வேண்டிய பொருள். கிழிந்த வாலைவிடப் பெரிய தீங்கு ஒன்று உண்டு. தேனீக்களின் நடன மொழியைக் கண்டறிந்ததற்காகப் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கார்ல் ஃபான் ஃபிரிஷ், 1938இல் மின்னோ என்ற சிறு கெண்டை இன மீன்களில் ஒன்றைக் கவனித்தார். ஒரு மீனின் தோல் காயப்பட்டால் அதிலிருந்து கசியும் ஒரு பொருளை முகர்ந்து மற்ற மீன்கள் எல்லாம் மிரண்டு ஒளிகின்றன. தங்கமீனும் இந்த எச்சரிக்கை முறையைக் கொண்ட பெருங்கூட்டத்தைச் சேர்ந்தது. ஒரு மீனைத் தொடர்ந்து கொத்தும் துணை, கடிபடாத மீன்களையும் சேர்த்து அச்சத்தில் வைக்கிறது. ஓயாத அச்சத்தில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் நோய் எதிர்ப்பைக் குறைக்கும். கடைசியில் மீனைக் கொல்வது நோய். வழி திறந்துவிட்டது துணை.

நோய்

புதிய மீன் தனியாக வருவதில்லை. வெண்புள்ளி நோயைத் தரும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி, மீனின் தோலுக்கடியில் தின்று பருத்து, அடியில் விழுந்து, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிளந்து அடுத்த மீனைத் தேடும். 25 டிகிரி நீரில் இந்தச் சுழற்சி ஒரு வாரத்துக்குள் முடியும். 10 டிகிரியில் ஒரு மாதத்துக்கு மேல் இழுக்கும். நங்கூரப் புழுவும் மீன் பேனும் கண்ணுக்குத் தெரியும் ஒட்டுண்ணிகள். கண்டால் வாங்காமல் வந்துவிடலாம்.

கண்ணுக்குத் தெரியாதவை வைரஸ்கள். தங்கமீன்களைக் கூட்டமாகக் கொல்லும் ஒரு ஹெர்பிஸ் வைரஸ் 1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் கண்டறியப்பட்டது. தப்பிய மீன் வெளியே நலமாகத் தெரியும். வைரஸ் உள்ளே தங்கியிருக்கும். கோய் மீன்களைக் கொல்லும் வேறொரு ஹெர்பிஸ் வைரஸைத் தங்கமீன் நோய்க்குறி எதுவும் காட்டாமல் சுமக்கக்கூடும். உறவு நெருங்க நெருங்க, ஒன்றின் கிருமி மற்றதற்குப் பொருந்தும் வாய்ப்பும் கூடுகிறது. தங்கமீனுக்குத் தங்கமீனே சிறந்த துணை என்ற முடிவோடு சேர்த்துப் படிக்க வேண்டிய எச்சரிக்கை இது.

ஆகவே எந்த மீன் வந்தாலும் நான்கு வாரம் தனித் தொட்டி. அதற்குத் தனி வலை, தனி வாளி. ஏர் பம்பும் சிறு ஸ்பாஞ்சு ஃபில்டரும் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தொட்டி இதற்குப் போதும். கடையிலிருந்து வரும் பையின் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. மீனை மட்டும் எடுத்து விட வேண்டும்.

யார் தேறுகிறார்கள்?

ஐந்து பொருத்தத்தையும் போட்டுப் பார்த்தால் மிஞ்சுபவர்கள் சிலரே.

பட்டியலின் மேலே வரக்கூடிய ஜீப்ரா மீன் நம் நாட்டுப் பிறவி. 1822இல் ஃபிரான்சிஸ் ஹாமில்டன் கங்கைப் படுகையின் மீன்களைப் பற்றிய நூலில் இதை விவரித்தார். இன்று உலகெங்கும் மரபணு ஆய்வுக்கூடங்களில் இருக்கும் மீன் இதுதான். இயற்கையில் குளிர்காலத்து 6 டிகிரி முதல் கோடையின் 38 டிகிரி வரை பார்க்கிறது. அசாத்திய வேகம் என்பதால் தங்கமீனின் வாய்க்குள் சிக்குவது குறைவு. அதே வேகத்தால் உருண்டை மீனின் உணவையும் பறிக்கும். நடுத்தர அளவுள்ள ஒற்றை வால் தங்கமீனோடு ஏழெட்டு ஜீப்ரா கூட்டம் பொருந்தும்.

ரோஸி பார்பும் அதே ஹாமில்டன் நூலில் வரும் வட இந்திய மீன். குளிர்ந்த நீரை ஏற்கும், விழுங்க முடியாத அளவு வளரும். ஆறுக்குக் குறைவாக வைத்தால் கூட்டத்துக்குள் செய்யும் சீண்டலைப் பிறரிடம் காட்டும். நீள வால் மீனோடு வேண்டாம்.

ஒயிட் கிளவுட் என்ற சிறு மீன், சீனாவின் குவாங்சோ நகரை அடுத்த வெண்முகில் மலையின் ஓடைகளைச் சேர்ந்தது. டான் என்ற சாரணர் தலைவர் கண்டெடுத்தார்; 1932இல் அறிவியல் பெயர் பெற்றது. இயற்கையில் அழிந்தேவிட்டது என்று நினைத்திருந்த காலம் உண்டு. பிறகு சில இடங்களில் சிறு கூட்டங்கள் தென்பட்டன. 18 முதல் 22 டிகிரி இதற்கு உகந்தது. மலையூர்த் தொட்டிக்கு நல்ல துணை; சமவெளியின் கோடைக்குப் பொருந்தாது. நான்கு சென்டிமீட்டர்தான் என்பதால் பெரிய தங்கமீனோடு எங்கேயும் பொருந்தாது.

உருண்டை மீனோடும் ஒத்துப்போகும் ஒன்று டோஜோ. நம் அயிரையின் குடும்பத்தைச் சேர்ந்த கிழக்காசிய மீன். அடியில் ஊர்ந்து மிச்சத்தைத் தின்னும், யாரையும் சீண்டாது. ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கி, குடலின் பின்பகுதியால் அதை உறிஞ்சிக்கொள்ளும். புயலுக்கு முன் காற்றழுத்தம் குறையும்போது அமைதியிழந்து சுற்றும் பழக்கத்தால் இதற்கு வானிலை மீன் என்றும் பெயர். 20 சென்டிமீட்டரைத் தாண்டும் என்பதால் பெரிய தொட்டியும், வயிறு கிழியாத மென்மணலும் வேண்டும். நம் அயிரை இதே குணம் கொண்டதுதான். ஆனால் உருவில் சிறியது, கண்ணுக்குக் கீழே முள்ளும் உண்டு. விழுங்கப்படும் அபாயம் இருப்பதால் தவிர்க்கலாம்.

கோய் குஞ்சு கடையில் தங்கமீன் அளவில்தான் இருக்கும். உதட்டோரத்தில் இரண்டு சோடி மீசை இருந்தால் அது கோய். தங்கமீனுக்கு மீசை கிடையாது. கோய் 60 சென்டிமீட்டருக்கு மேல் வளரும். அதன் இடம் குளம், தொட்டியல்ல.

பேசப்படாத துணை ஒன்று உண்டு: செடி. வேலம்பாசி அம்மோனியத்தை உறிஞ்சி வளரும், பகலில் ஆக்சிஜன் தரும். தங்கமீன் அதைக் கொறிக்கும். இரைப்பையில்லாத மீனுக்கு அந்த நார் நல்லதே. ஐந்தில் நோய்ப் பொருத்தத்தை மட்டும் பார்த்தால் போதுமான ஒரே துணை இதுதான். கழுவி, சில நாள் தனி வாளியில் வைத்துவிட்டு விட்டால் போதும்.

முடிவாக

கெண்டைக் குடும்பத்து மீன்கள் கூட்டத்தில் வாழப் பிறந்தவை. தங்கமீனைத் தனியே விடுவதைவிட, இடம் இருந்தால், அதே உடல்வாகுள்ள இன்னொரு தங்கமீனோடு விடுவது நல்லது. இரண்டுக்கு இடமில்லை என்றால் முதலில் தொட்டியை மாற்றுங்கள். இங்கே தேறாத வேறு இனம் வேண்டுமென்று ஆசையிருந்தால், தங்கமீன் தொட்டிக்குள் அதைத் திணிக்காமல் அதற்கென்று தனித் தொட்டி வையுங்கள். சேராமல் போன மீனைக் கடையில் திருப்பிக் கொடுங்கள் அல்லது வளர்ப்பவர் ஒருவரிடம் கொடுங்கள். ஏரியிலும் கிணற்றிலும் விடாதீர்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் வாஸ் ஆற்றில் யாரோ கொட்டிய தங்கமீன்கள் கிட்டத்தட்ட இரண்டு கிலோ எடைக்கு வளர்ந்து, அந்த ஆற்றின் சொந்த மீன்களுக்குப் பகையாகிவிட்டன. கடைக்குப் போகும்போது முதலில் வாங்க வேண்டியது அம்மோனியா சோதனைக் கருவி. அது பூஜ்யம் காட்டாத தொட்டிக்கு எந்த மீனும் துணையாகாது.